இயற்றியவர் தெரியாதாம், அண்ணா

பாட்டை எங்களிடம் விட்டுப்போன என் பெரியண்ணாவுக்கு,

நேற்று மாலை வானொலியில் உங்கள் பாட்டு போனது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகும் கையுமாக அப்படியே இருந்துவிட்டேன். பாடியது யாரோ ஒரு பெண். குரல் நல்ல குரல்தான். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், "இது கிழக்குக் கரையின் பழைய நாட்டார் பாடல். இயற்றியவர் தெரியாது" என்றார். தெரியாதாமே! உங்களுக்கு இன்னும் ஆண்டுத் திவசம்கூட வரவில்லை.

ஆறின சோத்தை மூடி வச்சேன் ஏலேலோ
ஆழியில போன மச்சான் வந்திடுவார் ஏலேலோ

இது யார் மூடி வைத்த சோறு? அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத அந்த வருஷம் முழுக்க அம்மா மூடி வைத்த சோறு. மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து நீங்களும் நானும்தான் குடித்தோம்.

மெட்டு வந்த வழியும் எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் கப்பல்களின் இரும்பில் ஏறிய கறளைத் தட்டி எடுக்கப் போனீர்கள். சுத்தியல்கள் சேர்ந்து விழுகிற தாளத்தை வீட்டுக்கு வந்து கதிரையில் தட்டிக் காட்டுவீர்கள். மாலுமி ஒருவன் ஊதிய மவுத் ஓர்கனில் கொஞ்சம் எடுத்தீர்கள். கிண்ணியாவில் றபான் மேளம் தட்டிப் பாடிய பக்கீர்மாரிடம் கொஞ்சம். அந்த ஏலேலோ மட்டும் கரைவலை இழுப்பவர்களுடையது.

ஆனால் குச்சவெளிக் கரையில் வலை இழுப்பவர்களுக்கு அதைப் பாடுமுன் ஒரு கதை விடுவீர்களே! கண்டி ராசா காலத்தில் ஒருத்தி இருந்தாளாம், தோணியில் போன புருஷனைப் பார்த்திருந்தே கல்லாய்ப் போனாளாம், இது அவள் பாடிய பாட்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏன் அண்ணா, நீங்கள் கட்டின பாட்டெண்டு சொல்ல ஏலாதோ?"

"சொன்னால், வராத மனுசனுக்குச் சோறு மூடி வச்சவ எண்டு எல்லாரும் அம்மாவை ஒரு மாதிரிப் பார்ப்பினம், பிள்ளை. அவ சந்தையில நிமிர்ந்து நிண்டு மீன் விக்க வேணாமோ?"

அம்மா அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் நிமிர்ந்து நின்றுதான் மீன் விற்றார். ஊர் முழுக்க அந்தப் பாட்டைப் பாடியபோது தானும் முணுமுணுத்தார். தெரிந்துதான் பாடினாரா? அவர் கண்ணை மூடும்வரை கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இன்று காலை பஸ் ஏறிக் குச்சவெளிக்குப் போனேன். வானொலிக்காரரிடம் பேசுவதென்றால் நாலு பேர் சாட்சி வேண்டுமே. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் சிரித்தார்.

"என்ன அக்கா கதைக்கிறீங்கள்? அது கண்டி ராசா காலத்துப் பாட்டு. உங்கட அண்ணரே தன்ர வாயால சொன்னவர். அவர் பொய் சொல்லுற ஆளோ?"

"ஓம், பொய்தான் சொன்னவர்."

கரையில் நின்ற ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. செத்த மனிதரைப் பழிக்கிறாளே என்று வலைக்கயிற்றைப் பிடித்தபடி என்னை முறைத்தார்கள். உங்களுக்காக என்னோடு சண்டைக்கு வந்தார்கள், அண்ணா. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அம்மாவும் போய்விட்டார். இனி அந்தப் பொய் யாரைக் காப்பாற்ற? நான் விடப்போவதில்லை. வானொலி நிலையத்துக்கும் போவேன், அந்தக் கரைக்கும் மறுபடி போவேன். ஊர் முன்னால் உங்களைப் பொய்யர் என்று சொன்னால்தான் உங்கள் பாட்டு உங்களுக்குத் திரும்பக் கிடைக்குமென்றால், சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் கதையை நம்பாத ஒரே ஆள்,
உங்கள் தங்கச்சி