வெள்ளிக்கிழமைப் பச்சை

உன் லேப்டாப் இப்போது என் மேசையில் இருக்கிறது. என்னுடையது படுத்துவிட்டதால் ஆபீஸில் உன்னுடையதை எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கியதும் கவிழ்த்துத் தட்டினேன். பொத்தான்களின் இடுக்கிலிருந்து வறுத்த மல்லாட்டைக் கடலையின் சிவப்புத் தோல் உதிர்ந்தது. திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் வாங்கிவந்து வேலைக்கு நடுவே கொறிப்பாயே, அதுதான். நீ காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய் இன்னும் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. அந்த வாசனைக்கு நான் அழுதுவிட்டேன். அன்றே எழுதியிருந்தால் இது அழுகை மடலாக முடிந்திருக்கும். இன்று எனக்கு உன்மேல் ஆத்திரமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் புரோகிராம் எழுதுவேன், நீ அதற்கு டெஸ்ட் எழுதுவாய். அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் உன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது உன் அம்மா கேட்டார்: "வெள்ளிக்கெழம ஆனா பச்சை வந்துச்சா, பச்சை வந்துச்சான்னு பேசிக்கினு இருக்கீங்களே, இன்னாம்மா அது?" நீ எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாய்: "இவ எழுதறது சரியா வேல செய்யுதான்னு பாக்கறதுக்கு நான் இன்னொன்னு எழுதுவேம்மா, டெஸ்ட்டுன்னு. வீடு பெருக்கறோம் இல்ல? தொடப்பம் பட்ட எடமெல்லாம் பச்சை, படாத மூல செவப்பு. அதான் கவரேஜு." எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன், இவ்வளவு சுலபமாக எனக்குச் சொல்ல வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கவரேஜை அவரவர் மெஷினில் ஓட்டி, வந்த படத்தை ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பது நம் முதலாளி சாரின் ஏற்பாடு. என் பழைய மெஷினில் ஓட்டினால் விசிறி அலறும், பாதியில் நின்றுவிடும். "உன் மெஷின் பேஜாரு, உடு. நான் ஓட்டிக்கிறேன்" என்பாய். கொஞ்ச நேரத்தில் படம் வரும், மேலிருந்து கீழ்வரை பச்சை. சார் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். "ஜல்தி வாடி, வண்டி வந்துடப் போவுது" என்று நீ என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுவாய். மூச்சு வாங்கப் பெட்டியில் ஏறிவிட்டுச் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது சார் உன் பெயரைத்தான் முதலில் எடுத்தார். அவசரக்காரி, வேலையில் நிதானம் இல்லை என்றார். நான் உள்ளே போய் நின்றேன். "அவ பச்சைன்னா பச்சைதான் சார். நான் பொறுப்பு" என்றேன். இது உனக்குத் தெரியும். அன்று ரயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு விழுப்புரம் வரைக்கும் விடவே இல்லை நீ.

போன வாரம், நாம் புரோகிராம் எழுதிக்கொடுத்த அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு மாற்றம் கேட்டார்கள். குழந்தையின் எடையைப் போட்டால் மருந்தின் அளவைச் சொல்லும் பகுதி. ஒரு நாளைக்கு உரிய மருந்தை மூன்று வேளைக்குப் பிரித்துக் காட்டும், அது முன்பிருந்தே சரியாக ஓடியது. நான் மாற்றி எழுதியதில் பிரிக்கிற வரி விட்டுப்போயிற்று. தப்பு என்னுடையதுதான், அதை யார்மேலும் போடவில்லை. ஆனால் அந்த மாதிரித் தப்பைப் பிடிக்கத்தானே டெஸ்ட்? உன் லேப்டாப்பில் ஓட்டினேன். எல்லா டெஸ்ட்டும் தேறியது, எல்லா வரியும் பச்சை. நிம்மதியாக அனுப்பிவைத்தேன். மறுநாள் டாக்டர் போன் செய்தார். "என்னம்மா இது, ஒரு வேளைக்கே முழு நாள் மருந்தக் காட்டுது? நான் பாத்ததால ஆச்சு. குழந்தை வயித்துக்குள்ள போயிருந்தா?" என் வீட்டிலும் மருந்து குடிக்கிற வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

அதன்பிறகுதான் உன் டெஸ்ட்களைத் திறந்தேன். ஒவ்வொன்றும் என் புரோகிராமைக் கூப்பிடுகிறது, ஓட விடுகிறது, வந்த விடையைப் பார்க்காமலே முடித்துக்கொள்கிறது. துடைப்பம் எல்லா மூலையிலும் பட்டிருக்கிறது, குப்பை போனதா என்று நீ குனிந்தே பார்க்கவில்லை. தெரியாமல் செய்தாய் என்றாவது நம்பப் பார்த்தேன். அதற்கும் வழி வைக்கவில்லை. விடையைச் சரிபார்க்கும் வரிகளை நீ முதலில் எழுதித்தான் இருக்கிறாய். பிறகு ஓடாதபடி ஒவ்வொன்றையும் அடைத்துவிட்டு, பக்கத்தில் 'அப்புறம்' என்று குறித்திருக்கிறாய். அப்புறம் என்றால் எப்போது? வண்டியைப் பிடித்த பிறகா?

சாரிடம் சொன்னேன். "செத்துப்போன பொண்ணு மேல பழி போடாதம்மா, நல்லா இல்ல" என்றார். அத்தோடு எல்லாம் என் தலையில் விடிந்தது. நேற்று மார்க்கெட்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். "உன்னப் பத்தியேதான் பேசிக்கினு இருப்பா. நீதான் அவ வேலைய காப்பாத்தினியாமே" என்று என் முகத்தைத் தடவினார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய முடியும், சொல்.

உன்னோடு ஒரே ஒரு சண்டை போட வேண்டும் எனக்கு. கத்த வேண்டும், நீ பதில் கத்த வேண்டும், ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லி நீ அழ வேண்டும். அதற்குக்கூட வழியில்லாமல் போய்விட்டாய்.

உன் இடத்துக்குக் கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு அக்கா வந்திருக்கிறார். என்னைவிட மூத்தவர், பிள்ளைகளை வளர்த்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவர். இந்த வெள்ளிக்கிழமை படத்தைக் காட்டி, "ஓட்டிட்டேம்மா, எல்லாம் பச்சை" என்றார். நான் பார்க்கக்கூட இல்லை. என் புரோகிராமில் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, "இப்ப ஓட்டுங்க, என் கண்ணு முன்னாடி" என்றேன். அவர் ஓட்டினார். கெடுத்த இடத்தைச் சரியாகப் பிடித்து டெஸ்ட் தோற்று நின்றது. "நான் பொய் சொல்லுவனாம்மா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க நினைத்தேன், கேட்காமலே கெடுத்த வரியைச் சரிசெய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் நான் கெடுத்துத்தான் பார்ப்பேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.