கண்ணாடியோரம் கிடந்த வேதாகமம்

டெட்ராய்ட், செவ்வாய், 1986

அன்புள்ள ஆர்வில்,

ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்றவர்கள் நான், கைக்குழந்தையோடு என் தங்கை டார்லா, அவள் கணவர் வெண்டல், சபைக்குப் புதிதாக வரும் குரோவர். கர்த்தரின் கிருபையால் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி?

குரோவர் தன் 69ஆம் வருஷத்து ஜி.டி.ஓ. காரைக் கொடுத்து வெண்டலின் கார்வெட் காரை மாற்றாக வாங்கிக்கொள்வாராம். நேர் ரோட்டில் ஜி.டி.ஓ. பாய்வது எனக்கும் பிடிக்கும். ஆனால் வளைவில் கார்வெட் தரையைப் பிடித்துக்கொண்டு போகும் சுகம் அதில் வராது என்றேன்.

"அக்கா, நீங்க வளைவுலயே குடியிருங்க," என்று சிரித்தார் வெண்டல்.

எனக்கு உறுத்தியது வேறு. ஜி.டி.ஓ.வின் முன்கண்ணாடிக்குக் கீழே கம்பெனி பொறித்த வண்டி எண் இருக்குமே, சரியாக அதன்மேல் ஒரு வேதாகமம். எடுக்கப் போனேன்.

"அது அங்கயே இருக்கட்டும்மா, எங்கம்மா வச்சது," என்றார் குரோவர்.

"வாசிக்கத்தானே தம்பி வச்சிருப்பாங்க?" என்று எடுத்துவிட்டேன். எண் 237 என்று தொடங்கியது. அசல் ஜி.டி.ஓ. என்றால் 242 என்பீர்களே? விலை குறைந்த லெமான்ஸ் காரில் ஜி.டி.ஓ. என்று பெயரை மாற்றி ஒட்டியிருப்பாரோ?

டார்லா வீட்டுக்குத் திரும்பி வந்து வெண்டலிடம் கேட்டால், "சபைக்கு வர்றவரையா சந்தேகப்படுறீங்க?" என்கிறார். சனிக்கிழமை வண்டி கைமாறுகிறது. போன் ஹாலில் இருக்கிறது, பேசினால் எல்லோர் காதிலும் விழும்; அதனால்தான் கடிதம்.

என் கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். உங்கள் பழைய நீலச் சட்டையும் ஒன்று; துவைக்க வேண்டாம், அப்படியே போதும்.

237 சரியா, தப்பா? சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி பதில் எழுதுங்கள்.

உங்கள் லொரெட்டா