இரண்டும் வலது கை

இன்று காலை புதுப் பட்டின் வாசனை கடை முழுக்கப் பரவியது. நிமிர்ந்து பார்த்தேன். வெட்டும் மேசைமேல் ஒரு கல்யாணப் புடவை, எதிரில் வாடிப்பட்டி அம்மா. நான்கு வருடத்துக்கு முன்னால் நம்மைத் திட்டி அனுப்பியவரேதான். இரண்டாவது மகளுக்குக் கல்யாணமாம்.

"அந்தப் பொண்ணு இப்ப இல்லையாமே? அப்ப நம்பிக் குடுக்கலாம்னு வந்தேன்" என்றார்.

அந்தப் பொண்ணு நீதான். காய்ச்சல் என்று படுத்தவள் எழவே இல்லை. ஒரு வருடம் ஆகப் போகிறது.

உன்னைவிட எனக்கு எட்டு வயது கூட. ஆனாலும் சேர்ந்து கடை போட்ட நாளிலிருந்து உன்னோடு ஓயாத வழக்குதான். மதுரையில் தைக்கிறவர்கள் எல்லாரும் 'நாளைக்கு ரெடி' என்று சொல்லித்தான் பிழைக்கிறார்கள். நீ மட்டும் வியாழக்கிழமைதான் முடியும் என்று உள்ளதைச் சொல்லி, வந்த துணியைத் திருப்பி அனுப்புவாய். சிக்கல் என்றால் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாய். பாபின் நூல் கலருக்கெல்லாம் கூப்பிடுகிறாயே, உங்கள் ஆண்டவருக்கு வேறு வேலை இல்லையா என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே தைப்பாய்.

அந்த அம்மாவின் மூத்த மகள் கல்யாணத்துக்கு ரவிக்கைத் துணியை வெட்டியது நான். புடவையோடு சேர்த்து நெய்த துணி, வேறெங்கும் கிடைக்காது. பார்டர் சரியாக அமைய வேண்டும் என்று இரண்டு கைகளையும் தனித்தனியாக வெட்டினேன். இரண்டாவதைத் திருப்பிப் போட மறந்ததில் இரண்டும் வலது கையாகப் போய்விட்டது. முகூர்த்தத்துக்கு நான்கு நாள்தான். துணி பத்தவில்லை என்று போனில் சொல்லிவிடலாம் என்றேன். நம் தொழிலில் எல்லாரும் சொல்வதுதானே. நீ கண்ணை மூடித் திறந்தாய்.

"ஜெபம் பண்ணாம இருந்திருந்தா நானும் அதத்தாங்க்கா சொல்லியிருப்பேன். இப்ப முடியாது. நேர்ல போயிச் சொல்லிருவோம். இன்னும் நாலு நாள் இருக்குல்ல, அவுக வேற வழி பாத்துக்குவாக."

பஸ் ஏறிப் போனோம். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் முன்னால், "நாங்க தப்பா வெட்டிட்டோம்மா" என்றாய். நாங்க என்றாய். அதோடு நிறுத்திவிட்டு நின்றாய். வெட்டியது யார் என்ற மீதியை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் பந்தல்காரர் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசியவள்தான் வெட்டியவள் என்று அந்த அம்மா முடிவு கட்டிவிட்டார். வாய்க்கு வந்தபடி ஏசினார். புடவையின் உள்சுற்றில் கொஞ்சம் எடுத்து ரவிக்கைக்குக் கை வைத்துக்கொள்வோம், ஆனால் உன் கை அதில் படக் கூடாது என்று சொல்லி, எல்லாவற்றையும் வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், "நீங்க சொல்லுவீகன்னு நெனச்சேங்க்கா" என்றாய். அவ்வளவுதான். மறுநாள் எப்போதும்போல எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாய். நானும் எப்போதும்போலக் குடித்தேன்.

இன்று அந்த அம்மாவிடம் 'சரிங்கம்மா' என்று ஒரு சொல் போதும், வேலை கைக்கு வந்துவிடும். நீ வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. உன்னைப்போல ஜெபம் பண்ணவும் எனக்குத் தெரியாது. அளவு டேப்பைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு வெட்டுனது நாந்தாம்மா. அவ இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அது ஏன் அம்புட்டு ஏச்சையும் வாங்கிக்கிட்டு நின்னுச்சு?"

"நான் சொல்லுவேன்னு நின்னா" என்றேன்.

புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பாரம் இறங்கிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வெட்கம் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். நீ என் பக்கத்தில் நின்று காத்திருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை, நீ இல்லாத கடையில் நின்று சொல்லியிருக்கிறேன்.