பச்சைக்காய் அளவு

ஏலமலை,
கார்த்திகை 1956

கருத்தம்மா,

இதை நீயே எழுத்துக் கூட்டிப் படி. உன் அண்ணன்கிட்ட கொடுக்காதே.

வழுக்கி விழுந்த விலா வலிக்காக மதுரையில் எக்ஸ்ரே எடுத்தேன்ல. எலும்பு முறியலைன்னு மட்டும்தான் உனக்கு எழுதினேன். நுரையீரலில் சின்னதா ஒரு புள்ளியும் தெரியுது. சளியில் கிருமி இல்லையாம். மாசியில் இன்னொரு படம் எடுத்து, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும், வளராம இருந்தா பயமில்லைன்னு சொல்லி டாக்டர் படத்தைக் கையில் கொடுத்தார். வளர்ந்திருந்தா என்னன்னு நான் கேக்கலை.

எஸ்டேட்டுக்கு வந்ததும் படத்தை வெயிலில் பிடிச்சு, புள்ளிமேல ஒரு ஏலக்காயை வச்சேன். சரியா மூடிருச்சு. அந்தக் காயை மடியிலேயே வச்சிருந்தேன். பத்து நாள் கழிச்சு மறுபடி வச்சா, காயைச் சுத்திப் புள்ளி தெரியுது. புள்ளி வளர்ந்துருச்சுன்னே நினைச்சேன். ரெண்டு நாள் சோறு இறங்கலை.

படம் எப்படி வளரும்? நான் வச்சது பச்சைக்காய். காய்ஞ்சு சுருங்கியிருக்கு. இருபது வருசமா ஏலக்காய் உலர்த்துறவன் புத்தியைப் பாரு.

இப்ப நல்லாக் காய்ஞ்ச காயா ஒண்ணு புள்ளிக்குச் சரியா அளந்து இதுக்குள்ள வச்சிருக்கேன். என்கிட்ட இருந்தா தினமும் அளப்பேன். மாசியில் புதுப் படம் எடுக்குற வரைக்கும் நீ வச்சிரு. பாயசத்துல போட்டுறாதே.

உன் வீட்டுக்காரன்