தாத்தாவுக்கு மூச்சு வாங்குது

8 நவம்பர் 2021, திங்கள்
இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது: மாண்புமிகு அபின் அவர்கள் இன்று முதல் ஒட்டுப்பால் துறை அமைச்சர்.
ரப்பர் சிரட்டையில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் பாலைப் பிய்த்துச் சாக்கில் கட்டும் வேலை. அந்த நாற்றத்தில் ஈயே யோசித்துத்தான் உட்காரும். மே மாதம் கொரோனா வந்து போனதிலிருந்து என் மூக்கு லீவில் இருக்கிறது. அப்பா ஒரே வரியில் பதவி தந்தார்: "ஒனக்கு மணக்காதுல்லா, நீயே சாக்குல கெட்டு."
தங்கச்சி ஜினி இப்போது பக்கத்தில் வருவதே இல்லை. அதுதான் சம்பளம்.

14 நவம்பர், ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு. இந்த வருஷம் கிறிஸ்மஸ் கேரல் பாட்டு உண்டு. தடுப்பூசி போட்டவர்கள் மட்டும் வீடுவீடாகப் போகலாம்.
கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் எப்பவும் எனக்குத்தான். பதினெட்டு ஆகிவிட்டது, ஊசி போடலாம். ஆனால் சர்ச் படி ஏறினாலே மூச்சு வாங்குது.
கேரல் கூட்டாளி டெனிஷ் கேட்டான்: "நீ ஆடுவியா மக்கா, இல்ல ஒன்ன நாங்க தூக்கிட்டுப் போவணுமா?"
"எல்லா வீட்டுலயும் நானே ஆடுவேம்ல."
சொன்னதற்கே மூச்சு இளைத்தது.

20 நவம்பர்
அம்மையும் நானும் நெய்யூர் ஆஸ்பத்திரி.
"ஊசி போட்டா பழையபடி கெடையில விழுவானா டாக்டர்?" அம்மை கேட்டாள். நான் கேட்கப் பயந்த கேள்வி.
சிலருக்கு நல்லாகுமாம். பலருக்கு மாற்றமே இருக்காதாம். சிலருக்குக் கொஞ்ச நாள் கஷ்டம் கூடலாமாம். "ஆனா இன்னொரு தடவை கொரோனா வந்தா, அதுதான் எனக்குக் கவலை. யோசிச்சு முடிவு பண்ணு தம்பி."
 

21 நவம்பர்
பயமா? எனக்கா?
ஆமா. மே மாசம் கக்கூஸுக்கு அப்பா தோளப் பிடிச்சுல்லா போனேன். திரும்ப அந்தக் கட்டிலா? போடலன்னா மட்டும் வராதா? ரெண்டு பக்கமும் கட்டில்தான் கெடக்கு. போடாத பக்கத்துல கெடக்கது பெருசு.
போடுதேன்.

27 நவம்பர்
போட்டாச்சு. சிங்கம்போல. நர்ஸ் அக்கா, "அவ்வளவுதான், எந்திரி" என்றார்.

28 நவம்பர்
காய்ச்சல். காலைத் தூக்க முடியல. ஏன் போட்டேன்?

2 டிசம்பர்
எழுந்துவிட்டேன். சாக்கு காத்திருந்தது.

24 டிசம்பர்
ஊரே அசந்துவிட்டது. முழு ரவுண்டும் ஒரே தாத்தா, ஒரே ஆட்டம். பிரிஜா சித்தி அம்மையிடம், "இந்தப் பயலுக்கா சொகமில்லண்ணு சொன்னிய?" என்றாள். வரலாறு படைத்தேன். தூங்குகிறேன்.

25 டிசம்பர்
சரி. பண்டிகை நாளில் பொய் வேண்டாம்.
மூணு வீடுதான் நான். நாலாவது வாசலில் மூச்சே வரவில்லை. டெனிஷ் என்னைக் கேரல் ஜீப்புக்குப் பின்னால் இழுத்து, அங்கியையும் முகமூடியையும் உருவி மாட்டிக்கொண்டான். ஒரே உயரம். "நீ சும்மா தாளம் தட்டுலே. யாருக்குத் தெரியப் போவுது?"
கடைசி வீடு எங்க வீடு. அங்கே மட்டும் நானே ஆடணும் என்று முகமூடியைத் திரும்ப வாங்கி மாட்டினேன். உள்ளே டெனிஷ் வேர்வை. செத்த எலிபோல.
நாறிச்சு. எனக்கு நாறிச்சு.
ஊசியாலயா, நாள் போனதாலயா, தெரியாது. அம்மை முன்னால் ஆடினது பாதிதான் ஆட்டம், பாதி அழுகை. தோள் குலுங்கினதற்கு எல்லாரும் கைதட்டினார்கள். தாடி நனைந்துவிட்டது.
காலையில் அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தேன். அப்பா ஏற்கவில்லை.
பிறகு, ஊசி போட்ட அன்றைய அந்தச் சிங்கம் விஷயம். நர்ஸ் அக்கா எந்திரிக்கச் சொன்னது நாற்காலியிலிருந்து இல்லை. தரையிலிருந்து.