ஆற்றுவாய் மணல்

பக்கத்து வீட்டுக்காரர் இன்று காலை முற்றத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு நீற்றுகிறார். கல்லின்மேல் தண்ணீர் விழுந்ததும் எழுந்த சீற்றம் என் சாய்வு நாற்காலிவரை கேட்டது. அதன் பின்னாலேயே ஆவியும் வந்தது, தொண்டையைக் காறவைக்கும் அந்த வெள்ளை நெடி. அது மூக்கில் ஏறியதும் நான் எழுந்து உட்கார்ந்து உம்மைத் தேடினேன். நீர் காலமான செய்தி வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உம்மை ‘நீர்’ என்று எழுதுவதைக் கண்டால் என் பழைய மாணவர்கள் வியப்பார்கள். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எங்களுக்கு மரியாதை என்றால் ‘நீங்கள்’தான். யாழ்ப்பாணத்துக்காரரான நீர் முதல் நாளே, “என்ன ஐசே, நீர் எங்கை படிப்பிக்கிறீர்?” என்று கேட்டபோது எனக்கு மூக்கு உடைந்ததுபோல் இருந்தது. நாலு நாள் பழகியபின் அதைவிட நெருக்கமான சொல் வேறில்லை என்று தோன்றிற்று. நேரில் கடைசிவரை ‘நீங்க’ என்றே கூப்பிட்டேன். காகிதத்திலாவது உம் வழிக்கு வருகிறேன்.

ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பு அது. இந்த மலாய்த் துறைமுக ஊரில், டத்தோ கிராமட் சாலைக்குப் பின்னால், சந்தில் இருக்கும் இந்த வீட்டை அப்பா எனக்கு விட்டுப்போயிருந்தார். வீடு என்று சொல்வது மரியாதைக்கு. கூரை ஒழுகியது, சுவரெல்லாம் உப்பிப்போய் விரல் பட்டால் உதிர்ந்தது. என் சம்பளத்தில் ஓடு மாற்றினால் சுவருக்கு இல்லை. சுவருக்குப் போட்டால் கதவுக்கு இல்லை. நீர் துறைமுக அலுவலகத்துக் குமாஸ்தா. ஒன்பது குமாஸ்தாக்களோடு ஒரே கூடத்தில் பாய்போட்டுப் படுத்துக்கொண்டிருந்தீர். உம் மனைவியும் மகளும் ஐந்தாண்டாக யாழ்ப்பாணத்தில். அந்தக் குழந்தையை நீர் கைக்குழந்தையாக ஒரே ஒரு தடவை பார்த்திருந்தீர்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பாதிச் செலவும் பாதி உழைப்பும் உம்முடையது. பின்னாலிருக்கும் இரண்டு அறை, வேண்டியமட்டும், வாடகையில்லாமல் உம்முடையது. ஒரு நிபந்தனை மட்டும் கடல் தாண்டி வந்தது. குழந்தைக்கு மூச்சிழுப்பு நோய். உம் மனைவியின் கடிதத்தை நீரே எனக்கு வாசித்துக் காட்டினீர்: “காய்ஞ்ச வீடெண்டா வாறன். ஈர வீடெண்டா அடுத்த கப்பலிலை திரும்பிடுவன்.”

“சும்மா எழுதியிருப்பாங்க ஐயா,” என்றேன்.

“என்ரை மனிசியை உமக்குத் தெரியாது ஐசே. அவள் சொன்னாச் செய்வாள்.”

இருவரும் வேலை பார்த்தோம், இருவரும் படித்தோம். திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் எனக்கு ஆசிரியப் பயிற்சி வகுப்பு. செவ்வாய், வியாழனில் நீர் மலாய் வாத்தியாரான முன்ஷியிடம் ஜாவி எழுத்து, அதாவது அரபு எழுத்தில் எழுதும் மலாய், படித்தீர். அந்தப் பரீட்சையில் தேறினால்தான் குமாஸ்தா வேலையில் மேலே போகலாம். ஞாயிற்றுக்கிழமை கடின வேலை கூடாது என்பது எங்கள் கத்தோலிக்க வேதக் கட்டளை. கோவிலில் சாமியாரிடம் கேட்டேன். “படிக்கலாம், படிப்பிக்கலாம், மண் சுமக்கக் கூடாது” என்றார். அதனால் ஞாயிறுகளில் நீர் மண் அரிப்பீர்; நான் நிழலில் உட்கார்ந்து என் பாடத்தை உரக்கப் படிப்பேன். “நல்ல வேதம் ஐசே. உம்மடை சாமி என்னைக் கூலியாக்கிப்போட்டார்,” என்பீர். இருவரும் சேர்ந்து கைவைக்க மிஞ்சியது சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்றுதான்.

மற்ற நாள்களில் ஒருவருக்கொருவர் சுவரிலேயே கரியால் எழுதிவைத்தோம். ‘இது ஈரம், தொடாதே’, ‘ஆணி தீர்ந்தது’ என்றெல்லாம். ஒருநாள் ‘இரண்டாம் அறையில் ஜன்னல் வெட்டச் சொல்லவும்’ என்று எழுதிவிட்டுப் போனீர். நானும் ஆள்வைத்து வெட்டிவிட்டேன். மறுநாள் நீர் வந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றீர். ஜாவி எழுத்து வலமிருந்து இடமாகப் போகுமல்லவா, அந்தப் பழக்கத்தில் பின்கட்டு அறைகளையும் நீர் வலப்பக்கத்திலிருந்து எண்ணியிருந்தீர். சமையலறைக்கு இரண்டு ஜன்னல், படுக்கையறைக்கு ஒன்றுமில்லை என்றாயிற்று. வெட்டிய செங்கல்லைத் திரும்ப அடைக்க ஒரு சனிக்கிழமை போயிற்று. அந்த வீட்டு வேலை முழுவதும் இப்படித்தான் நடந்தது. எதை யார் சொன்னார், எதை யார் செய்தார் என்று அப்போதே தெளிவில்லை. இப்போது கேட்க வேண்டுமா?

மணல் கதைக்கு வருகிறேன். ஆற்று மணல் அக்கரையிலிருந்து படகில் வரவேண்டும். விலை நம் கைக்கு எட்டவில்லை. துறைமுகத்தில் ஒரு தோணியின் தலைவனான தண்டல், பாரத்துக்காக அடித்தட்டில் போட்டிருந்த மணலை இறக்கப்போகிறான் என்றும், அள்ளிக்கொண்டு போனால் அவனுக்கும் நல்லதே என்றும் நீர் கண்டுபிடித்துவந்தீர். எங்கே ஏற்றிய மணல் என்று கேட்டதற்கு, “ஆற்றுவாய்” என்றானாம். ஆறு கடலில் சேரும் இடம். தண்ணீர் வற்றும்போது அது ஆறு, தண்ணீர் ஏறும்போது அது கடல். அந்த மணலை எதில் சேர்ப்பது?

சீனக் கொத்தனார் கிழவர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “தா போலே லா, குரு,” என்றார், ஆகாது வாத்தியாரே என்று. கடல் மணலைப் பூசினால் பிறகு சுவர் அழும் என்று சந்தை மலாயில் விளக்கினார். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பது என் பயிற்சி வகுப்புப் பாடத்திலும் இருந்தது. மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்புப் போய்விடும் என்று நான் சொன்னேன். சந்துக் குழாயில் பெண்கள் வசைபாட வசைபாட மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினோம். போயிற்றா என்று எப்படி அறிவது? நாக்கில் வைத்துப் பார்த்தோம். படித்த இருவர், வெள்ளைச் சட்டையோடு, சந்தின் நடுவே குந்தி மணலைச் சப்பினோம்.

“உப்புக் கிடக்கோ?” என்றீர்.

“ஒண்ணும் தெரியலையே. உங்களுக்கு?”

“எனக்கும் இல்லை.”

கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அன்று சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மரக்கறி விரதம் உமக்கு, இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் எனக்கு; உம்மோடு சேர்ந்து மீனையும் விட்டுவிடுவேன். அதனால் சனி மதியம் இருவருக்கும் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. அரைமணி முன்புதான் ஆளுக்கு இரண்டு துண்டு வறுத்த கருவாடு தின்றிருந்தோம். அந்த நாக்கை வைத்துத்தான் உப்புப் பார்த்தோம்! இது எனக்கு உறைத்தபோது பூச்சு காய்ந்து, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. உமக்கு எப்போது உறைத்தது என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை. நீரும் சொல்லவில்லை.

அவர்கள் வந்திறங்கிய நாளில் சுவர்கள் முட்டை ஓடுபோல் இருந்தன. உம் மனைவி ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிச் சுவரிலும் வைத்துப் பார்த்துவிட்டு, “காய்ஞ்சுதான் கிடக்கு,” என்றார். நீர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. ஆறு வயதுக் குழந்தை உம்மைப் பார்த்து, “இவர்தான் அப்பாவோ?” என்று தாயிடம் கேட்டாள். நீர் திரும்பிக்கொண்டு கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தீர். அந்தத் தாழ்ப்பாளில் ஒரு கோளாறும் இல்லை.

நாலு மாதம் அந்தப் பின்கட்டில் சிரிப்புக் கேட்டது. குழந்தை உம் ஜாவிப் பலகையை எடுத்து என்னிடம் கொண்டுவந்து, “மாஸ்டர், அப்பா ஏன் எழுத்தைப் பின்பக்கமா எழுதிறார்?” என்று கேட்பாள். பிறகு மழை தொடங்கியது. ஒரு காலை, அவள் படுக்கும் பக்கத்துச் சுவரில் முத்துமுத்தாகத் தண்ணீர் நின்றது. அன்று மதியம் அவளுக்கு இழுப்பு வந்தது. அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டே உம் மனைவி சுவரில் கைவைத்து, ஈரமான உள்ளங்கையை எனக்கு நேரே நீட்டினார்.

“இதைப் பாருங்கோ மாஸ்டர்.”

அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்குப் போய்விட்டார்.

டாக்டர் வந்து பார்த்தார். சுவர் ஈரமாக இருக்கலாம், இலவம்பஞ்சுத் தலையணையாக இருக்கலாம், கடற்காற்றாகவும் இருக்கலாம் என்றார். வளர வளரத் தானே போய்விடுகிற பிள்ளைகளும் உண்டு என்றார். இத்தனை ‘லாம்’ கேட்டால் நாம் என்ன செய்வது? பூச்சை உடனே கொத்தி எடுத்துவிடலாம். ஆனால் அந்த வாரம் என் கடைசிப் பரீட்சை. தேறாவிட்டால் தற்காலிக ஆசிரியனாகவே கிடப்பேன். அடுத்த வாரம் உம் ஜாவிப் பரீட்சை. “பத்து நாள்தானே, முடிந்ததும் கொத்திவிடலாம்” என்று முடிவாயிற்று.

அதைச் சொன்னது யார்? நீரா, நானா? இருபது ஆண்டுக்குமேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் உம் குரலில் கேட்கிறது: “பத்து நாள்தானே ஐசே.” சில நாள் என் குரலில்: “பத்து நாள்தானே ஐயா.” இருவரும் ஒரே நேரத்தில் சொல்லியிருக்கவும் கூடும்.

பத்து நாளில் மூன்று தடவை இழுப்பு வந்தது. நீர் பரீட்சை எழுதிவிட்டு வந்த மாலை, உம் மனைவி பெட்டி கட்டி முடித்திருந்தார். கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் முடிவு வந்தது; நீர் தேறினீர். மேல்நிலைக் குமாஸ்தாவாக உத்தரவும் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, அவர்களோடு நீரும் கப்பலேறினீர். அதை நான் எதிர்பார்க்கவேயில்லை. வெல்டு கீ கப்பல்துறையில் நின்று கேட்டேன்:

“அந்தச் சுவத்தாலதானா ஐயா?”

“விடும் ஐசே. சுவரிலை பிழையில்லை.”

அது உண்மையா, தாட்சண்யமா? வகுப்பில் ஒரு பையனின் சிலேட்டு நனைந்திருந்தால் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பேன். மழையா, கூஜா கவிழ்ந்ததா, எச்சில் தொட்டு அழித்தானா. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வா, மிஞ்சுவது விடை என்பேன். அடுத்த மாதம் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தப் பூச்சைச் செங்கல்வரை கொத்தி எடுத்தேன். கடன் வாங்கி, அசல் ஆற்று மணலைக் கொண்டுவந்து பூசினேன். முதல் மழைக்கே அந்தச் சுவர் மறுபடி வியர்த்தது. சுவருக்கு அந்தப்பக்கம் அண்டை வீட்டுக் குளியலறை இருந்தது; அதுவாகவும் இருக்கலாம். கழிக்கக் கழிக்கக் காரணங்கள் குறையவில்லை, கூடிக்கொண்டே போயின.

ஜப்பான்காரன் இங்கே இருந்த ஆண்டுகள் நீங்கலாக, ஆண்டுக்கொரு கடிதம் எழுதினீர். பனங்கிழங்கு, கோயில் திருவிழா, அங்கே ஒரு கடையில் நீர் கணக்கெழுதப் போனது, மகளின் படிப்பு. அவளுடைய மூச்சைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்க நினைத்து, ‘எல்லோர் சுகத்துக்கும் எழுதவும்’ என்று முடித்துவிடுவேன்.

உம் மறைவை எழுதியது அவள்தான். எழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது; அவளும் இப்போது ஓர் ஆசிரியையாம். பதில் எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. நேற்றுத்தான் முடித்தேன். அப்பாவைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில், “உனக்கு இழுப்பு இன்னும் வருகிறதா அம்மா?” என்று கேட்டுவிட்டேன். பெட்டியில் போட்டபின், தபால்காரர் வந்து எடுத்துப்போகும்வரை அங்கேயே நின்றேன், திருப்பி வாங்கிவிடலாமா என்று.

கப்பல் போய்ப் பதில் வர மூன்று வாரமாவது ஆகும். ‘வருகிறது’ என்று அவள் எழுதினால் சுவரில் பிழையில்லை. அப்படியானால் நீர் உத்தியோகத்தை விட்டுப் போனது வீண், நான் உம்மை இழந்ததும் வீண். ‘வரவில்லை’ என்று எழுதினால் குழந்தை பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்தப் பத்து நாள் என் தலையில் நிற்கும். வளர்ந்தபின் தானே போய்விட்டது என்றாலோ, ஒன்றும் தெரிந்ததாக ஆகாது. எந்தப் பதிலை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் இன்று பூசையில் முழங்காலிட்டு வெறுமனே இருந்துவிட்டு வந்தேன்.

நீர் இருந்தால் “விடும் ஐசே” என்பீர். உம்மால் விட முடிந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.