சேமக்காலைக்கு வராத துண்டு

என் யசி அக்காவுக்கு,

நீ இதை வாசிக்கப்போவதில்லை. மரித்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புகிறவளும் நானல்ல. பூசைக்கு வந்தால் பின் வாங்குப் பலகையில் இருந்து கூரையைப் பார்க்கிறவள் என்று ஊரெல்லாம் என்னைப் பழித்தவள் நீதானே. ஆனாலும் சில கிழமைகளாக உன்னோடு பேசாமல் இருக்க முடியவில்லை. உன்னில் ஒரு துண்டு இன்னும் மண்ணுக்கு மேலே இருக்கிறது, அக்கா.

பாடசாலை ஆய்வுகூடத்தில் நான் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் டொக்டர் தொலைபேசியில் அழைத்தார். உன் முதுகுப் பக்கமாக நீள ஊசி செலுத்தி நெஞ்சிலிருந்து சதை எடுத்தார்களே, அது எறியப்படவில்லையாம். மெழுகுக்குள் பதித்து, இலக்கமிட்டு, ஓர் அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். நகத்தளவு துண்டு.

புகைக்காத பெண்களுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்ததைப் பற்றி அவர்கள் ஆராய்கிறார்கள். உன்னைப்போல முதலில் காசநோய் என்று கருதப்பட்டவர்கள் எத்தனை பேர், எதைக் கவனித்திருந்தால் நேரத்தோடு கண்டுபிடித்திருக்கலாம் என்பது ஒரு பக்கம். அந்தச் சதையில் குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் இருக்கிறதா என்பது மறுபக்கம். அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு என்றே மருந்துக் குளிசை இருக்கிறதாம். முற்றாகச் சுகப்படுத்தாவிட்டாலும் பலருக்கு நோயைச் சில காலம் அடக்கி வைக்கும் என்றார். வீட்டாரின் சம்மதம் வேண்டும். முடிவை எங்களுக்குச் சொல்லவேண்டுமா என்பதையும் நாங்களே தீர்மானிக்கவேண்டும்.

"யோசிச்சுச் சொல்லுங்கோ டீச்சர். அவசரமில்லை," என்றார்.

அவசரமில்லை. உன் விடயத்தில் அந்தச் சொல்லை நாங்கள் எவ்வளவு காலம் நம்பியிருந்தோம்?

காசநோய்க் குளிசையை நீ ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதை விழுங்கி ஒன்றுக்குப் போனால் செவ்வரத்தம்பூ அவித்த தண்ணி மாதிரிச் சிவப்பாய்ப் போகுதென்று கிணற்றடியில் சொல்லிச் சிரித்தாய். இருமல் மட்டும் உன்னை விட்டுப் போகவில்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் உன்னிடம் புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டார். நீ பக்கத்தில் நின்ற அத்தானைக் கையால் காட்டினாய்.

"பத்துறது அவர், இருமுறது நான். கலியாணம் எண்டா அப்பிடித்தானே, டொக்டர்."

எல்லோரும் சிரித்தோம். அத்தானும் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து சுருட்டுக் கட்டைக் கடலில் எறிந்தவர் இன்றுவரை தொடவில்லை.

வங்காலையில் உங்கள் வீட்டுக்குப் போய் அவரிடம் விடயத்தைச் சொன்னேன். நண்டு வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"இன்னும் வெட்டப் போறாங்களோ அவளை?"

தலைமயிரிலும் மெல்லிய சீவல்களாகச் சீவுவார்கள் என்றேன். பல்கலைக்கழகத்தில் நான் செடித்தண்டுகளை மெழுகில் பதித்து அப்படித்தான் சீவினேன் என்றும் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாகவில்லை. ஆராய்ச்சி வேண்டாம், துண்டை வாங்கி வந்து உன் குழியிலேயே வைப்போம் என்றார். அவருடைய தம்பி கடலில் போனபோது உடல் கிடைக்காமல் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தோமே, அதை நினைவுபடுத்தினார்.

"உடம்பில்லாமச் சட்டையைத் தாட்டனாங்கள். இப்ப உடம்பைத் தாட்டிட்டு ஒரு துண்டை வெளியில விடுறதோ?"

பங்குச் சுவாமியிடம் போனேன். நானே போனேன், நம்புவாயா? திருச்சபை இதைத் தடுக்கவில்லை, நாலு பேருக்கு உதவுமென்றால் கொடுக்கலாம் என்றார். அதையும் அத்தானிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. அப்போதுதான் இது விசுவாசத்தைப் பற்றிய விடயமே அல்ல என்று தோன்றியது.

மரித்த ஆத்துமாக்களின் நாளன்று, உன்னை அடக்கம் செய்த சேமக்காலைக்குப் போனோம். மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. உன் தலைமாட்டில் ஏற்றிய மெழுகுதிரிகள் அணைந்துகொண்டே இருந்தன. அத்தான் குந்தியிருந்து ஒரு சிரட்டையால் காற்றை மறைத்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"பிள்ளை, அந்தத் துண்டில என்ர சுருட்டுப் புகை இருக்குமோ?"

இதைத்தான் அவர் இவ்வளவு காலமும் சுமந்திருக்கிறார், அக்கா. இப்போதும் சாப்பிட்டதும் வேலியடிக்குப் போகிறார். முன்பு சுருட்டுப் புகைத்த அதே இடத்தில், கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறார். குசினி அடுப்படியில் இருமல் கேட்டால் உள்ளே வருகிறார். அங்கே யாருமில்லை. என்னால் அதை நம்ப முடியாது. ஆனால் உங்கள் வீட்டுக் குசினியில் நான் இப்போது தனியாக நிற்பதில்லை.

மறுநாள் டொக்டரிடம் கேட்டேன். பக்கத்தில் இருப்பவரின் புகையாலும் இந்த நோய் வரக்கூடும். ஆனால் ஒருவரின் சதையைப் பார்த்து இன்னாருடைய புகையால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார். அவரைத் தேற்ற ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நீயென்றால் சொல்லியிருப்பாயா? எனக்கு வரவில்லை. கேட்டதை அப்படியே சொன்னேன்.

"அப்ப, இல்லை எண்டும் சொல்லேலாது?"

"ஏலாது, அத்தான்."

தலையை ஆட்டினார்.

போன சனிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் மன்னாரில் என் வீட்டுக்கு வந்தார். பையில் நண்டு இருந்தது. தேத்தண்ணி குடிக்கும்வரை நண்டு விலையைப் பற்றியே பேசினார். கோப்பையை வைத்துவிட்டுத்தான் சொன்னார்:

"குடுப்பம், பிள்ளை. என்ன முடிவெண்டாலும் எனக்கும் சொல்லச் சொல்லு. அவள் அங்க தனிய நிண்டு சாட்சி சொல்லேக்க, நான் இங்க ஒளிச்சிருக்கேலாது."

அவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டார். நான் சாட்சியாகக் கையெழுத்திட்டேன். அவர் போன பிறகு படிவத்தை மறுபடி வாசித்தேன். அத்தான் பயந்தது புகைக்கு. நான் பயப்படுவது குளிசைக்கு. அந்த மாற்றம் உன்னில் இருந்தது என்று வந்தால்? நீ செவ்வரத்தம்பூத் தண்ணி என்று சிரித்த அந்த மாதங்களில், வேறொரு குளிசை உன்னை இன்னும் சில காலம் உயிரோடு வைத்திருக்கக்கூடும் என்று வந்தால்? எதையும் அறிவது நல்லது என்று வகுப்பில் இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன். இந்த அறிவை எங்கே வைப்பேன்?

இருந்தும் கொடுத்துவிட்டோம். இருமலோடு ஒரு பெண் எங்கோ ஒரு கிளினிக்கின் வாங்கில் இருப்பாள். அவளுக்கு யாரும் அவசரமில்லை என்று சொல்லாமலிருக்க, உன் நகத்தளவு துண்டு உதவக்கூடும். கூடும் என்றுதான் சொல்கிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது.

சீவி முடிந்து மெழுகில் ஏதும் மிஞ்சினால் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்தால் அத்தானின் தம்பியின் சட்டையைப் போல முறையாகக் கொண்டுவந்து உன்னோடு வைப்போம். முடிவு வந்ததும் அத்தானைக் கூட்டிக்கொண்டு சேமக்காலைக்கு வருவேன். வீட்டில் உறையைப் பிரிக்கமாட்டேன். உன் தலைமாட்டில் நின்று, உனக்கும் அவருக்கும் கேட்கும்படி, ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பேன். நீ கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாசித்து முடித்ததும் முதலில் உன் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பேன்.

பின் வாங்கில் இருக்கும்
உன் தங்கச்சி,
றெஜி